கதவு திறந்தபடி ஓடிய மெஷின்

அர்ஜுனன் போனில் நீட்டி முழக்குகிற ஆள் இல்லை. கோலா தெர்லாவில் உள்ள தன் காய்கறிக் கொட்டகையின் குளிரறை நின்றுபோனால்கூட நாலு வார்த்தைதான் பேசுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ரிப்பேர் கடைத் தாரணியைக் கூப்பிட்டபோதும் அப்படித்தான். ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கும் தன் தங்கை நளினியின் வீட்டுக்கு உடனே வரச் சொன்னார். வாஷிங் மெஷினைப் பார்க்க வேண்டும் என்றார். என்ன பழுது என்று தாரணி கேட்டாள். "அத நீதான் சொல்லணும்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நளினியின் வலது கை மூன்று இடத்தில் உடைந்து, தோள்மூட்டு கழன்று, ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோன சேதி மலை முழுக்கத் தெரியும். புருஷன் திவாகர் முறுக்கி உடைத்துவிட்டான் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. திவாகர் தேயிலை ஃபேக்டரியில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிறவன். வேலையில் கெட்டிக்காரன், வீட்டில் கை நீட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்பு நளினி ஒரு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பிரிஞ்சாங்கில் இருக்கும் தாரணியின் ரிப்பேர் கடைக்கு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. தாரணி மிக்ஸியைப் பற்றி மட்டும் கேட்டாள். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருந்தது.

லைனில் அது கடைசி வீடு. கதவைத் திறந்தது அர்ஜுனனின் தம்பி ஷர்வின். இருபத்தேழு வயது, காய்கறி லோரி ஓட்டுகிறவன். அவன் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. தாரணி உள்ளே வந்ததும் கதவைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

அடுப்படித் தரையில் திவாகர் கிடந்தான். கூடை கட்டுகிற ராஃபியா கயிற்றால் அவன் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். ஒரு கண் முழுதாக மூடிப்போயிருந்தது. கீழுதடு இரண்டாகப் பிளந்து தொங்கியது. மூச்சு விடும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சுருண்டான். தரையில் கோழையும் ரத்தமும் கலந்து கிடந்த இடத்தில் ஒரு பல் இருந்தது. அர்ஜுனன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் விஷயத்தைச் சொன்னார். போலிஸ் திவாகரைப் பிடித்துக்கொண்டுபோய், நேற்று ஜாமினில் விட்டுவிட்டது. விடிந்ததும் அண்ணனும் தம்பியும் வந்துவிட்டார்கள். நளினி ஆஸ்பத்திரியில் வலி மருந்து மயக்கத்தில் சொன்னது ஒரே சொல்தான்: "அவருதான்." இவனோ அடிக்க அடிக்க ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்கிறான். தான் தொடவே இல்லையாம், மெஷின்தான் கையைப் பிடித்து இழுத்ததாம்.

"நெசமா பொய்யான்னு பாத்துச் சொல்லு தாரணி" என்றார் அர்ஜுனன். "மெஷின் நல்லாருந்தா, அப்புறம் செய்ய வேண்டியத நான் செஞ்சுக்கிறேன்."

போலிஸிடம் விட்டுவிடுங்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஷர்வின் அவளுடைய டூல் பெட்டியைக் காலால் நகர்த்தி, பின்வாசலைக் காட்டினான்.

மெஷின், அடுப்படியிலிருந்து இரண்டு படி இறங்கினால் வரும் துவைக்கிற இடத்தில் இருந்தது. மேலே தகரக் கூரை. ஓரத்தில் இடுப்பளவு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மாரியம்மா வீடு. அதற்கும் அப்பால் பனிமூட்டத்தில் பாதி மறைந்த தேயிலைச் சரிவு. முன்பக்கம் வட்டக் கதவு வைத்த பழைய மாடல் அது. சிமெண்டுத் தரையில் அதன் கால்கள் உரசி இழுத்த கோடுகள் ஒரு முழ நீளத்துக்குப் புதிதாகத் தெரிந்தன. டிரம்முக்குள் ஈரக் கம்பளி ஒன்று கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதன் ஒரு முனையில் ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. பக்கத்தில் நாலைந்து கண்ணாடி வளையல் துண்டுகள்.

ஸ்க்ரூடிரைவரைப் பிடித்ததும் தாரணியின் விரல்கள் தம் வேலையைத் தாமே பார்க்க ஆரம்பித்தன. மெஷினின் கரண்டு ஒயர் படியேறி அடுப்படிக்குள் போய், நிலைப்படி ஓரத்துச் சுவிட்சில் முடிந்தது. போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு சுற்றியது. பின்தகட்டைக் கழற்றினாள். பெல்ட் இறுக்கமாக இருந்தது.

"என்னா?" என்றான் ஷர்வின்.

"பெல்ட்டு நல்லாருக்கு."

ஷர்வின் திரும்பிப் போய்த் திவாகரின் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தான். திவாகர் கத்தவில்லை. காற்றுப் போன டயர் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மோட்டாரின் கார்பன் துண்டுகளைக் கழற்றிப் பார்த்தாள். தேய்மானம் சரியாக இருந்தது. அதைத் தெரியாமல் வாய்விட்டுச் சொன்னாள். மறுபடி ஒரு உதை. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. மோட்டாரின் சுருளை மீட்டரில் அளந்தாள், சரி. வேகத்தை அளந்து போர்டுக்குச் சொல்கிற சின்னச் சுருளையும் அளந்தாள், அதுவும் சரி. ஒவ்வொரு பாகமும் நன்றாக இருக்க இருக்க, அடுத்த பாகத்துக்கு அவசரமாகப் போனாள். இத்தனை வருஷத்தில் ஒரு பழுது கிடைக்க வேண்டும் என்று அவள் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

போர்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதில் மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற ட்ரையாக் என்ற பாகம் ஒன்று உண்டு, தண்ணீர்க் குழாய்க்குத் திருகு மாதிரி. துவைக்கும்போது கொஞ்சமாகத் திறக்கும், பிழியும்போது அதிகமாகத் திறக்கும். அதன் கால்களில் மீட்டர் முனைகளை வைத்தாள். மீட்டர் விடாமல் கத்தியது. முனையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் கத்தியது. ட்ரையாக் உள்ளுக்குள் உருகி ஒட்டிப்போயிருந்தது. குழாய் மூடவே மூடாது. கரண்டு வந்த நொடியில் மோட்டார் முழு வேகத்தில் பாயும்.

ஆனாலும் கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடாதே. கதவைப் பூட்டுகிற லாக்கின் ஒயரைத் தேடிப் போனாள். லாக்குக்குப் போகிற இரண்டு ஒயர்களையும் யாரோ வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். சுத்தமான வேலை. கதவு திறந்திருந்தாலும் மூடியே இருப்பதாகத்தான் மெஷின் நினைத்துக்கொள்ளும்.

இது யார் செய்தது என்று கேட்டாள். தரையிலிருந்தே திவாகர் தான்தான் என்றான். லாக் கெட்டு மூன்று மாசமாகிறது, புதுசு வர நாளாகும் என்பதால் அப்படிச் சேர்த்துவிட்டதாகச் சொன்னான். மெஷினின் பொத்தானும் உள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது, சுவர் சுவிட்சில்தான் ஓட்டுகிறோம் என்றான்.

"காட்டுறேண்ணே" என்று தாரணி அர்ஜுனனிடம் சொன்னாள். "மெஷின் கிட்ட நிக்காதீங்க."

போர்டைத் திரும்ப மாட்டினாள். ஒரு மாப்புக் கட்டையை டிரம்முக்குள் விட்டு, கம்பளியின் முனையை அதில் நாலு சுற்றுச் சுற்றினாள். கதவு அகலத் திறந்திருந்தது. படியேறிப் போய்ப் பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டாள்.

மெஷின் ஊளையிட்டது. கம்பளி ஒரே இழுப்பில் உள்ளே போனது. கனமான மரக்கட்டை சுள்ளி மாதிரி முறிந்தது. முறிந்த பாதி பறந்து போய்த் தகரக் கூரையில் அறைந்து, திரும்பி ஷர்வினின் தலைக்கு ஒரு சாண் தள்ளி அடுப்படிச் சுவரில் மோதியது. மெஷின் தரையைக் கீறிக்கொண்டு அவர்களை நோக்கிப் பாய்ந்து வந்தது. தாரணி சுவிட்சை அணைத்த பிறகும் டிரம் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நின்றது.

அர்ஜுனனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஷர்வினிடம் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

திவாகர் சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். ரத்தத்தைக் காறித் துப்பினான். பிறகு சிரித்தான். சிரித்தபோது பல் போன இடத்திலிருந்து ரத்தம் வழிந்தது.

"பாத்தீங்களா மச்சான்? காலையிலருந்து என்னா சொன்னேன்? சனிக்கிழமையே இப்பிடித்தான் ஆடுச்சு. சுவிச்சப் போட்டதும் பேய் மாதிரி குதிச்சிச்சு. நாந்தான் சுவிச்ச அடைச்சு வச்சேன். ஒங்க தங்கச்சிக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எம்மேல பழி போட்டுருக்கா."

உங்கள் இரண்டு பேரையும் ஜெயிலில் தள்ளாமல் விடமாட்டேன் என்றான். நளினியைப் பற்றிச் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றையும் சொன்னான். அர்ஜுனன் தலையைக் குனிந்துகொண்டார்.

தாரணி மீட்டரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை என்று அவன் சொன்ன இடத்திலேயே அவள் கை நின்றுபோனது. சனிக்கிழமை முதல் இந்த மெஷின், சுவிட்ச் போட்டால் சுற்றும், அணைத்தால் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. சுற்றுகிற டிரம்முக்குள் யாரும் கையை விடமாட்டார்கள். அப்படியென்றால் நளினி உள்ளே கிடந்த கம்பளியை எடுக்கக் கையை விட்டபோது சுவிட்ச் அணைந்திருந்தது. மெஷின் முன்னால் குனிந்திருப்பவளுக்குச் சுவிட்ச் எட்டாது. இரண்டு படி ஏறி, எட்டடி தள்ளிப் போக வேண்டும்.

இதை இந்த வீட்டில் இப்போது சொன்னால் இங்கேயே ஒரு கொலை விழும் என்று அவளுக்குத் தெரியும். மெஷின் பழுதுதான் என்பதோடு நிறுத்திக்கொண்டு, வெளியே போய் முதல் வேலையாகப் போலிஸிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள். கண்ணை மூட மறந்துவிட்டாள். அது தானாக நிலைப்படி ஓரத்துச் சுவிட்சுக்குப் போய்விட்டது.

நிமிர்ந்த அர்ஜுனன் அவள் பார்வையைப் பார்த்துவிட்டார். அவர் மெதுவாகப் படியேறிப் போய்ச் சுவிட்ச் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து மெஷினைப் பார்த்தார். நடுவில் மறைக்க ஒன்றும் இல்லை.

"இது அடைச்சிருந்தா மெஷின் சுத்துமா?"

"சுத்தாதுண்ணே."

"போட்டிருந்தா?"

தாரணி குனிந்து மீட்டரைப் பெட்டிக்குள் வைத்தாள். அதுவே போதுமாக இருந்தது. அர்ஜுனன் திவாகரைப் பார்த்து, "அப்ப போட்டது யாரு?" என்று கேட்டார்.

திவாகரின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. ஒருதரம் பூட்டிய வாசலைப் பார்த்தான். அன்றைக்குச் சண்டை என்றான். அண்ணன் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று நளினி சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு துணி எடுக்கப் போனாளாம். "பயங் காட்டலாம்னுதான் போட்டேன் மச்சான். இப்பிடி ஆகும்னு..."

அவன் முடிக்கவில்லை. ஷர்வினின் முட்டி அவன் வயிற்றில் ஏறியது. மடிந்தவனைத் தலைமயிரைப் பிடித்துப் படியில் இழுத்து இறக்கினார்கள். அவன் முகவாய் ஒவ்வொரு படியிலும் இடித்தது. அர்ஜுனன் அவன் முதுகில் முழங்காலை ஊன்றி, வலது கையைப் பிடித்துத் தோள்வரை டிரம்முக்குள் திணித்தார். கம்பளியை எடுத்து அந்தக் கையில் சுற்றினார். அவசரப்படாமல், காய்கறி மூட்டை கட்டுகிற மாதிரி சுற்றினார். ஷர்வின் சுவிட்சுக்கு ஓடினான்.

தாரணி அப்போது எதையும் யோசிக்கவில்லை. டூல் பெட்டியிலிருந்து கட்டரை எடுத்துக்கொண்டு மெஷினின் ஒயர்மேல் விழுந்தாள். அர்ஜுனன் ஒரு காலால் அவள் முகத்தில் உதைத்தார். ஷர்வின், அவள் படியில் வைத்திருந்த பெரிய ஸ்பேனரை எடுத்து மேலிருந்து வீசினான். அது இடது தோள்பட்டைக்கு மேலே விழுந்தது. உள்ளே எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. கண் இருட்டியது. ஒற்றைக் கையால் கட்டரை அழுத்தினாள். ஒயர் அறுந்தது.

ஷர்வின் சுவிட்சைத் தட்டினான்.

திவாகர் அலறினான். மெஷின் அசையவில்லை. ஆனாலும் அவன் அலறிக்கொண்டே இருந்தான். கால்சட்டை நனைந்து தரையில் மூத்திரம் பரவியது. ஓடாத மெஷினுக்குள் கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இப்படிக் கத்துவதை அவர்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அர்ஜுனன் அவனை வெளியே இழுத்துப் போட்டு, முறிந்த மாப்புக் கட்டையை எடுத்தார். முதல் அடி முழங்காலில் விழுந்தது. இரண்டாவது அடியும் அதே இடத்தில். மூன்றாவதுக்குக் கட்டை தலைக்கு மேலே போனபோது தாரணி அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"இவன் செத்துட்டா மெஷின்தான் செஞ்சிச்சின்னு முடிஞ்சிரும்ணே. கம்பி எண்றது நீங்க. எனக்குத் தெரிஞ்சத நான் கோர்ட்ல சொல்றேன். இவன் உசுரோட இருந்து கேக்கட்டும்."

இடுப்பளவு சுவருக்கு அப்பால் மாரியம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. போலிஸுக்குப் போன் பண்ணிவிட்டேன் என்றாள். பிறகு, மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நளினியின் அலறல் கேட்டு அவள் தன் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தபோதும் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "நாந்தான் சுவிச்ச அடைச்சேன். அவரு பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு." அவளுடைய புருஷனுக்கு ஃபேக்டரியில் திவாகரின் கீழே வேலை. அதனால் இதுவரை வாயைத் திறக்கவில்லை.

அர்ஜுனன் கட்டையைக் கீழே போட்டார். மெஷின்மேல் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையில் அறைந்துகொண்டு அழுதார். ஷர்வின் மட்டும் போலிஸ் ஜீப் சத்தம் கேட்கும்வரை திவாகரின் கழுத்தில் பூட்ஸ் காலை வைத்துக்கொண்டு நின்றான். அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை.

போலிஸ் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது. மெஷின் தனியாக லோரியில் ஏறியது. தாரணியும் ஈப்போ ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. காறை எலும்பு உடைந்திருந்தது. மூன்றாம் நாள் இடது கையைத் துணியில் கழுத்தோடு கட்டிக்கொண்டு மாடியேறி நளினியைப் பார்க்கப் போனாள்.

நளினியின் கையில் வெளியே கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு அண்ணன்களும் லாக்கப்பில் இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தாரணி தான் கண்டதைச் சொன்னாள். நளினி குறுக்கே பேசாமல் கேட்டாள். கை என்ன ஆனது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள், யார் செய்தது என்றும் கேட்டார்கள், எப்படி என்று மட்டும் யாரும் கேட்கவில்லை என்றாள். கேட்டிருந்தாலும் மெஷின் என்று சொல்ல அவளுக்குப் பயம். மெஷின் என்ற சொல் வாயிலிருந்து விழுந்தால் விபத்து என்று அதோடு முடித்துவிடுவார்கள், அவன் வீட்டுக்கு வந்துவிடுவான்.

பிறகு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "போட்ட ஒடனே அடைச்சிருந்தா?"

தாரணிக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. உடனே அணைத்திருந்தால் தோல் உரிந்திருக்கும், மணிக்கட்டு சுளுக்கியிருக்கும், அவ்வளவுதான் என்றாள்.

நளினி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவள் தலைமயிர் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சீவாமல் சிக்குப் பிடித்துக் கழுத்தில் ஒட்டியிருந்தது. ஒரு கையால் கட்ட வரவில்லை என்றாள். தாரணி கட்டில் ஓரம் உட்கார்ந்து தன் வலது கையால் மயிரைச் சேர்த்துப் பிடித்தாள். நளினி இடது கையால் ரப்பரை நீட்டி மாட்டினாள். நாலு தடவை நழுவி, ஐந்தாவது தடவை நின்றது.

வழக்கு ஒன்பது மாசம் நடந்தது. மாரியம்மா வந்து சாட்சி சொன்னாள். திவாகரின் வக்கீல் தாரணியிடம், அந்த மெஷின் தானாகவே ஓட ஆரம்பித்திருக்கலாம் இல்லையா என்று கேட்டார். கரண்டு இல்லாமல் எதுவும் தானாக ஓடாது என்றாள். மெஷின் கெட்டிருந்தது திவாகருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாமே என்றார். சனிக்கிழமையே தெரியும் என்று அவர் வாயாலேயே சொன்னதைக் கேட்டேன் என்றாள். ஷர்வின் தன்மேல் ஸ்பேனர் எறிந்ததையும், அர்ஜுனன் உதைத்ததையும் அவள் மறைக்கவில்லை. திவாகருக்கு ஆறு வருஷம் விழுந்தது. தடி ஊன்றித்தான் கூண்டில் ஏறினான், தடி ஊன்றித்தான் இறங்கினான். அர்ஜுனனுக்கு எட்டு மாசம், ஷர்வினுக்குப் பத்து மாசம். அவர்கள் உள்ளே இருந்த காலத்தில் கோலா தெர்லா காய்கறிக் கொட்டகையை நளினிதான் நின்று நடத்தினாள். லோரிக்காரர்களிடம் இடது கையை நீட்டிப் பேசுவாளாம். வலது கை தோளுக்கு மேலே இன்றுவரை எழும்பவில்லை.